நாற்பது மில்லிமீட்டர்

கொருக்குப்பேட்டை கேட்டு மூடிக் கிடக்கிற இருபது நிமிஷத்தில்
டேங்கர் ரயிலின் பெட்டிகளை எண்ணாமல்
சொற்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
நானூற்றுப் பதினொன்று முடிந்தது. இன்னும் ஒன்று.
இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் ஜப்பானிய மொழி,
நடுவே ஒரு கோடு.

கால்வாய்க்கு மேல் வரப்போகிற பாலத்துக்கு
எனக்கு முன்னால் மொழிபெயர்த்தவர்
'பையர்' வந்த இடமெல்லாம் 'சம்பாஷி' என்று போட்டிருந்தார்.
அது படகு கட்டுகிற துறை.
காசிமேட்டிலானால் சரி.
இந்தக் கறுத்த தண்ணீரில்
ஒரு தெர்மகோல் துண்டுகூட நகர்வதில்லை.
ஆனாலும் என் தமிழ்க் காதில்
சம்பாஷி என்றால்
யாரோ இருவர் உட்கார்ந்து பேசுகிறார்கள்.
மனசில்லாமல்தான் அழித்தேன்,
அறுபத்துமூன்று இடங்களில்.
கியோக்யாகு: பாலத்தின் கால்.

'டெட் லோடு' வந்தபோது கை நின்றது.
அந்த மொழியிலும் முதல் எழுத்தே சாவு.
இசோபே சான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
எழுத்தில்தான் இருக்கிறது,
எங்கள் யார் காதிலும் விழுவதில்லை என்றார்.
ஒரு வண்டியும் ஏறாதபோதும்
பாலம் சுமக்கிற தன் கனம், அவ்வளவுதான்.
அவ்வளவுதான் என்று நானும் எழுதினேன்.

'அபட்மென்ட்' என்பது கியோதாய்.
கரைக்கு ஒன்றாய் நின்று முனையைத் தாங்குவது.
உடன்பிறந்தவர்களுக்கும் அங்கே அதே ஒலி;
எழுத்து வேறு, வாய்க்கு ஒன்றுதான்.
"இரண்டு கியோதாயும் ஒரே மட்டத்தில் இல்லை"
என்று மீட்டிங்கில் வாசித்தேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
தண்டையார்பேட்டையில் ஒரே வீட்டின் மாடியிலும் கீழேயும் இருந்துகொண்டு
மூன்று வருஷமாய்
கரண்ட் பில்லைக் கதவிடுக்கில் தள்ளிவிட்டுப் போகிற
இரண்டு பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள்.
ஒருத்தி நான்.

கடைசிச் சொல் இரண்டு நாளாய் நகரவில்லை.
யூகான்.
உத்திரத்துக்கும் உத்திரத்துக்கும் நடுவே விடுகிற வெளி.
முதல் எழுத்து விளையாட்டு, அடுத்தது இடை.
இங்கிலீஷில் வெறும் 'கேப்' என்று போட்டால்
விளையாட்டு எங்கே போகும்?
வரைபடத்தை விரித்து வைத்திருந்தபோது
வெல்டர் ஏசுபாதம் டீயோடு எட்டிப் பார்த்தார்.
"இன்னா மேடம், இதுக்கா ரெண்டு நாளு? ப்ளே!
கொஞ்சோண்டு ப்ளே வுடலேன்னா
அக்னி நட்சத்திரத்துல
ரெண்டும் நெஞ்சோட நெஞ்சு முட்டிக்கும்."
அவர் தமிழில் இசோபே சானுக்குப் புரிந்தது
அந்த ஒரு சொல்தான்.
"அசோபி!" என்று மேஜையைத் தட்டினார்.
விளையாட்டு.
ஆணி, அச்சு, ஸ்டீரிங், எல்லாவற்றுக்கும்
அங்கேயும் அதே பேச்சாம்.
இரண்டு பேரும் கையைக் குலுக்கிக்கொண்டார்கள்,
டீ வரைபடத்தில் சிந்தியது.

சாயங்காலம் தலைமை அலுவலகத்திலிருந்து திருத்தம் வந்தது:
'ப்ளே' கொச்சை, 'கேப்' போதும்.
போட்டுவிட்டேன்.
எனக்கென்று யாரும் கேட்காத ஒரு மூன்றாவது கட்டம் வைத்திருக்கிறேன்,
அதில் மட்டும் ஏசுபாதம் சொன்னபடி இருக்கிறது.
நாற்பது மில்லிமீட்டர்,
என் கட்டைவிரல் அகலம் இரண்டு.
பில் கட்டக் கடைசி நாள் நாளைக்கு.
இன்றைக்கு மணி அடிக்கலாமா என்று
இதுவரை ஏழெட்டு முறை யோசித்தாயிற்று.

கேட்டு ஏறுகிறது.
இந்தப் பக்கத்து வண்டிகளும் அந்தப் பக்கத்து வண்டிகளும்
ஒரே மூச்சில் புகுந்து
தண்டவாளத்தின் மேல் மூக்கோடு மூக்கு நிற்கின்றன.
ஹாரன். கெட்ட வார்த்தை. மறுபடி ஹாரன்.
என் ஆட்டோக்காரர் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்துகிறார்:
"யோவ், கொஞ்சம் கேப் வுடுய்யா!"