தொண்ணூற்றொன்பது சொற்கள்

பிற்பகல் இரண்டே முக்காலுக்கே
ஓவுலுவில் வெளிச்சம் முடிந்துவிட்டது.
பனி தள்ளும் வண்டி ஒன்று
மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு
வந்த வழியே திரும்பிப் போகிறது.
என் திரையில் நான்கு ஊர்களின் கோப்புகள்.

சாஸ்கடூனில் ஹாக்கித் தளத்தில் விழுந்தவர்கள்.
ஸ்வான்ஸியில் ரக்பி குவியலுக்கு அடியிலிருந்து
எழத் தாமதித்தவர்கள்.
மெடெயினின் சரிவுகளில் மோட்டார் சைக்கிளோடு சாய்ந்தவர்கள்.
இங்கே, இருட்டுச் சாலையில்
மூஸ் மானோடு மோதியவர்கள்.
நாலாயிரத்துச் சொச்சம் தலைகள்.

தனித்தனியே கேட்டபோது
எந்த ஊரிலும் பதில் சொல்லப் போதுமான ஆளில்லை.
சேர்த்துக் கேட்டால் ஒருவேளை தெரியவரும்,
அடிபட்டு ஓராண்டு கழித்தும்
யாருக்கு மட்டும் சொற்கள் திரும்பவில்லை என்று.

சேர்ப்பதுதான் பெரும்பாடு.
ஊருக்கு ஒரு மரக்கால்.
ஓரிடத்தில் பதினைந்து சொற்களைப் படித்துக் காட்டித்
திருப்பிச் சொல்லச் சொல்கிறார்கள்,
வேறோரிடத்தில் பன்னிரண்டே.
ஒருவர் இருபது நிமிடம் காத்திருக்கிறார்,
மற்றவர் அரை மணி, நடுவில் காபியும் உண்டு.
மெடெயின் பட்டியலில் மாம்பழம் இருக்கிறது.
எங்களுடையதில் அந்த இடத்தில் பனிச்சறுக்கு மட்டை.
இரண்டும் ஒரே எடையா என்று
வெய்யோவும் நானும் ஒரு வாரம் மல்லுக்கட்டினோம்.
கடைசியில் அவன்தான் சொன்னான்:
"அவர்கள் கை மாம்பழம் படாத நாளில்லை,
நம் கை மட்டை படாத நாளில்லை. போதாதா?"
போதாது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

ஸ்வான்ஸி கோப்பில்
நாற்பத்தொரு வயது ஆண் ஒருவர்
தொண்ணூற்றொன்பது சொற்களை நினைவில் வைத்திருந்தார்.
பட்டியலில் இருந்ததே பதினைந்து.
வாய்விட்டுச் சிரித்தேன்.
தொண்ணூற்றொன்பது என்றால் அங்கே
ஆள் வரவில்லை என்று அர்த்தமாம்.
மூன்றாம் முறை கேட்ட பிறகு
குறியீட்டுப் பட்டியலை அனுப்பினாள் க்வென்லியன்,
இரண்டு வரி மன்னிப்போடு.

மாற்றினேன். கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
சுழியம் போடவில்லை.
சுழியம்,
வந்து உட்கார்ந்து, காது கொடுத்துக் கேட்டு,
தண்ணீர் வாங்கிக் குடித்து,
ஒன்றும் வரவில்லை என்று கையை விரித்தவருக்கு உரியது.
வராதவருக்கு அதைத் தூக்கிக் கொடுக்க
எனக்கு உரிமையில்லை.

எஞ்சியது கடைசி நெடுவரிசை: குறிப்புகள்.
சோதித்தவர்கள் தங்களுக்கென்று கிறுக்கியவை.
பொதுக் களஞ்சியத்துக்குள் அவை போகக் கூடாது,
பெயர் இல்லாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும்.
சரியான விதி. எழுதியவர்களில் நானும் ஒருத்தி.
அழிக்கும்முன் படிக்க வேண்டியதில்லை.
படித்தேன்.

*மணி என்ற சொல்லுக்கு மட்டும் அழுதார்.*

*நாய் எங்கே என்று நான்கு முறை கேட்டார். காலடியில்தான் படுத்திருந்தது.*

*பதினான்கு சொற்கள் சொன்னாள். எழுந்து போகும்போது, வீட்டுக்கு எந்தப் பேருந்து என்றாள்.*

*மனைவி கண்ணாடிக்கு வெளியே நின்று உதட்டை அசைத்துச் சொல்லிக்கொடுத்தார். அந்த இரண்டைக் கழித்துவிட்டேன்.*

பதினான்கு என்பது நல்ல எண்.
என் சராசரியில் அவள் நலமாக இருப்பாள்.

நெடுவரிசையைத் தேர்ந்தேன்.
உறுதியா என்று கேட்டது கணினி.
உறுதி.
அட்டவணை ஒடுங்கித் திரைக்குள் அடங்கியது.

பேருந்தில் கையுறையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.
அரை மணி ஆகியிருக்கும்.
மெடெயினில் வயதும் தேதியும் இடம் மாறிக் கிடக்கின்றன,
நாளை பார்ப்போம் என்று வெய்யோவின் செய்தி.
சரி என்று பதில் போட்டுவிட்டு
என்னை நானே சோதித்தேன்.
கண்ணாடிக்கு வெளியே மனைவி.
நாய்.
பதினான்கு சொல்லிவிட்டு வீட்டுக்கு வழி கேட்டவள்.
இன்னொன்று.

இன்னொன்று இருந்தது.
யாரோ எதற்கோ.
என் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போயும்
வரவில்லை.

அதற்கு நேரே சுழியம் போட்டுக்கொண்டேன்.
வெற்றுக் கட்டம் அல்ல.
நான் வந்திருந்தேன்.