கலங்கல்

சோதனைக் குழாயை ஜன்னலுக்கு நேரே பிடிப்பேன்.
பின்னால் ஒரு செய்தித்தாள் துண்டு.
எழுத்து தெரிந்தால் பதிவேட்டில் 'தெளிவு'.
தெரியாவிட்டால்
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவேன்.

கல்லணை திறந்தால்
வெண்ணாற்றுப் பாலத்தில் நின்று
செங்கலங்கலுக்குப் பூவும் நெல்லும் வீசுகிற தஞ்சாவூர் இது.
இங்கேதான் இந்த அறையும்.
முதுகுத்தண்டின் இடுக்கில் ஊசி ஏற்றி
எடுத்து வருகிற பதினைந்து சொட்டு நீர்
கலங்கி வந்தால் எனக்கு வயிறு கலங்கும்.

பதினோரு வருடக் கணக்கு என் அலமாரியில்.
சம்பா நடவு முடிகிற மாதங்களில்
வரப்புப் புதரில் உட்கார்ந்து எழுந்த உடம்புகள்;
அக்குளில் பீடி சுட்டது போல் ஒரு கரும்பொட்டு,
யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.
காசத்துக்கு மாதம் கிடையாது.
அம்மாபேட்டை லாரி ஓட்டுநர் வைரக்கண்ணு,
மூன்று வாரத் தலைவலி, பிறகு சாலை இரண்டாகத் தெரிந்ததாம்.
அவர் குழாயில் இரவோடிரவாக
சிலந்தி நூல் போல ஒரு படலம்.
இன்னொருவருக்குக் கருமை கலந்து பார்த்தேன்,
ஒளிவட்டம் கட்டிய பூஞ்சை.
பழைய நோயை அவர் மனைவியிடம் சொல்லியிருக்கவில்லை.

இதெல்லாம் வெளியே இருந்து வந்தவை.
'சேர்க்கைக்குப் பின் எத்தனையாம் நாள்'
என்றொரு கட்டம் உண்டு.
அங்கேதான் பேனா நிற்கும்.

ஆவணியில் மூன்று பேர்.
தையல்நாயகி, நசீமா, அற்புதமேரி.
மூவருக்கும் ஆபரேஷனில் குழந்தை,
முதுகில் மயக்க ஊசி, ஒரே மேசை, ஒரே வாரம்.
மறுநாள் காய்ச்சல். கழுத்து மடங்கவில்லை.
'தலைக்கு ஊத்தினதுல நீர் கோத்துக்கிச்சோ?'
என்றார் நசீமாவின் மாமியார்.
ஆமென்று சொல்லியிருக்கலாம்.

மருந்துக் குப்பி, கையுறை, ஏசியின் சொட்டு
ஒவ்வொன்றாய்த் தடவி வளர்த்தேன்.
ஒன்றும் முளைக்கவில்லை.
கடைசியில், முதுகைத் துடைக்கிற கிருமிநாசினிப் புட்டி.
கழுவாமல், குழாய்த் தண்ணீர் சேர்த்து
மேலே மேலே நிரப்பி வந்திருக்கிறார்கள்.
மறுநாள் தட்டில் நாற்றங்கால் பச்சை.
மூடியைத் திறந்தால்
திராட்சை வாசனை.

'காரணம்' கட்டத்தில் புட்டியின் எண்ணை எழுதினேன்.
'தெரியவில்லைன்னு போடுங்களேன்' என்றார் மேலே இருப்பவர்.
பேனா மையில் எழுதியாயிற்று சார், என்றேன்.

தையல்நாயகி நடந்து போனாள்.
அற்புதமேரியின் வரிசையில் தேதி மட்டும்.
நசீமாவுக்கு இடது காது போயிற்று.
பிள்ளையை இப்போது
வலப்பக்கம் போட்டுத்தான் தூங்குகிறாளாம்.