மேற்கோள் தேவை

சம்மாந்துறை அரிசி ஆலையில்
எடைப்பாலத்துக்குப் பக்கத்து அறை என்னுடையது.
ஒரு லொறிக்கும் மறு லொறிக்கும் நடுவே
கிடைக்கிற பத்து நிமிசத்தில்
கலைக்களஞ்சியத்துப் பச்சைக்கிளியைத் திருத்துகிறேன்.
தரம்: தொடக்க நிலை. மதிப்பாய்வாளர்: நான்.
சம்பளமில்லாத வேலை என்று
உதுமாலெவ்வை ஹாஜியாரிடம் சொல்லவில்லை.
வேலை என்றே சொல்லவில்லை.

முதல் வரி: "மிக அழகான பறவை."
"மிக"வை எடுத்தேன். மறுகா "அழகான"வையும்.
பறவை மிஞ்சியது.
அதோடு கொஞ்ச நேரம் இருந்தேன்.

"மனிதரைப் போலப் பேசும்."
வட்டைக்கு மேலால் போகையில்
அது ஒரு மனுசச் சொல்லும் சொல்லி நான் கேட்டதில்லை.
கீ என்று கத்தும், சரிந்து கிறுகும், அவ்வளவுதான்.
"கூண்டில் வளர்த்தால்" என்று முன்னால் சேர்த்தேன்.
படத்திலும் அதே குறை:
உற்றுப் பார்த்தால் வலது இறகின் மேல்
கம்பியின் நிழல், சரிவாக நாலு கோடு.

"நெல்லைக் கொள்ளையிடும்" என்பதில் நடுநிலை இல்லை.
"உண்ணும்" என்று மாற்றினேன்.
அன்று பின்னேரம் மல்வத்தையிலிருந்து என் மச்சான்
தகரம் தட்டித் தட்டிக் கை வீங்கி வந்து நின்றான்.
அவனிடம் நடுநிலை பற்றிக் கதைக்க ஏலாது.
சேதம் இத்தனை விழுக்காடு என்று யாரோ
வேரில்லாத ஓர் எண்ணை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.
பிடுங்கினேன். அந்தக் குழியில் வைக்க
என்னிடமும் ஓர் எண் இல்லை.
இந்தப் பக்கத்து வெள்ளாமை முழுக்க
என் பாலத்தின் மேலால்தான் போகிறது.
பாலம் பத்துக் கிலோவுக்குக் கீழே அசையாது.
ஒரு கிளி, ஒரு கதிர்:
எந்தச் சிட்டையிலும் அது விழவில்லை.

என்னோடு சேர்ந்து பார்ப்பவர் பெயர் மரங்கொத்தி.
எந்த ஊர், ஆணா பெண்ணா, தெரியாது.
இரவு இரண்டு மணிக்கு வந்து
என் வரிகளில் டொக் டொக்.
"வட்டை என்றால் என்ன? வயல் என்று எழுதலாமே."
வயல் ஒருவருடையது,
வட்டை கண் போய் முடிகிற வரைக்கும்
என்று எழுதி, அழித்து,
"வயல்" என்றே போட்டேன்.

"கூடு" என்ற பகுதி வெறுமையாய்க் கிடந்தது.
வெல்லாவெளியிலிருந்து நெல் ஏற்றி வரும் பவளேந்திரன்
"வாங்க, காட்டுறன்" என்று முன் சீற்றில் ஏற்றினான்.
குளக்கட்டைத் தாண்டி ஒரு வளவு.
அத்திவாரம் மட்டும் இருந்தது.
ஐந்து பனை. ஐந்துக்கும் தலை இல்லை.
மூன்றாவதில் பொந்து. பொந்தில் ஒரு பச்சை முகம்,
கழுத்தில் வளையமில்லாத பெட்டை.
எங்களைப் பார்த்தது, பிடிக்கவில்லை, உள்ளே போனது.
போனில் விழுந்த படத்தில் பொந்து மட்டும் தெளிவு.

"இடியா?" என்றேன். "செவ்வண்டா?"
"ஏழாம் ஆண்டு" என்றான்.
லொறியை எடுத்தான்.

அன்றிரவு எழுதினேன்:
"தலை இழந்த பனைகளிலும் கூடு வைக்கும்."
டொக்.
"பனை எப்படித் தலையை இழக்கும்? மேற்கோள் தேவை."
நேரில் கண்டது செல்லாது, அச்சில் வந்தது வேண்டும்.
விதி எனக்கும் தெரியும். போன மாதம்
இன்னொருவரின் மீன்கொத்தியில்
நானே அதைக் காட்டி ஒரு பந்தியை வெட்டினேன்.

மூன்று நாள் தேடியதில் "பட்ட மரங்கள்" வரைக்கும்
ஆதாரம் கிடைத்தது.
"பட்ட மரங்களின் பொந்துகளில்,
சில வேளை மரங்கொத்தி குடைந்து விட்டுப்போன பொந்துகளிலும்."
இதற்கு மட்டும் அங்கிருந்து ஒரு சிரிப்பு வந்தது.
தரம் ஒரு படி ஏறியது.
பொந்து, முட்டை, பனை, எல்லாம் நீல நிறத்தில்,
தொட்டால் வேறு பக்கம் திறக்கும்.
"பட்ட" கறுப்பாகவே கிடக்கிறது.

கம்பி நிழல் படத்தைத் தூக்கிவிட்டு
என் படத்தை வைத்தேன், கிளியில்லாத கிளிப்படம்.
இதுவரைக்கும் யாரும் கொத்தவில்லை.

ஹோர்ன். ஏழாயிரத்து அறுநூற்று இருபது கிலோ.
சிட்டையை வாங்கிக்கொண்டே பவளேந்திரன் கேட்கிறான்:
"கிளி போட்டாச்சா?"
"பொந்துதான் விழுந்திருக்கு."
"எந்தப் பனை?"
"மூன்றாவது."
சரி என்று தலையாட்டி
மடித்துப் பைக்குள் வைக்கிறான்.