இடது பக்கம்

காக்கி புக்கிட், மாடிக் கார்நிறுத்தத்தின் உச்சித் தளம்.
தார்ப்பாயில் ஒற்றை வைப்பர், மோரிஸ் சக்கரத்தட்டு,
இரவெல்லாம் மண்ணெண்ணெயில் ஊறிய கார்பரேட்டர்,
எந்த வண்டியுடையதென்று எனக்கே தெரியாத
ஒரு நெம்புகோல்.
எல்லாரும் அதைத்தான் முதலில் தூக்கிப் பார்க்கிறார்கள்.

டாட்சன் கதவுப்பிடி நாற்பது வெள்ளி என்றேன்.
"இடது பக்கம்தானே, யார் தேடப்போகிறார்?
இருபத்தைந்து."
ஹம்தான் ஏற்கெனவே அதைத் துடைக்கத் தொடங்கியிருந்தார்.

பின்னால் நின்ற ரொஹானா பணப்பையைத் திறந்தார்.
"மூன்று வருஷமாய் இவர்
உள்ளிருந்து சாய்ந்து திறந்துவிடும்வரை
மழையில் நிற்பது யாராம்?"

நான்கு பத்து வெள்ளித் தாள்கள்.
பேரம் அத்தோடு சரி.

அவர் படியிறங்கிய பிறகும்
ஹம்தான் நகரவில்லை.
நெம்புகோலை எடுத்தார்,
ஐந்து வெள்ளி நீட்டினார்.
எதற்குப் பொருந்தும் என்று கேட்கவில்லை,
நல்லவேளை.