ஆள் இருக்கு

கிட்டாலேயில் மழை எட்டிப் பார்க்காத பிப்ரவரி.
நசாம்புவின் தண்ணீர்க் கடை முன்னால்
முதல் நாள் ராத்திரியே வந்து குந்திவிடும்
மஞ்சள் கேன்கள்.
வீட்டில் தூங்குகிறவர்களுக்காக
இங்கே விழித்திருப்பவை.
ஒன்றின் காதில் சிவப்புத் துணி,
ஒன்றுக்கு மூடி மக்காச்சோளச் சக்கை,
ஒன்றில் ஆணியால் கீறிய பெயர்.

லொமூரியாவுக்குக் கேன் கிடையாது.
அடுத்தவர் கேனை மேட்டுக்குச் சுமந்தால் பத்து ஷில்லிங்.
பதினோரு வயது என்று அவனே வைத்துக்கொண்டது.
மாவு மில்லின் பின்சுவரில் ராத்திரியும் கொஞ்சம் சூடு மிச்சமிருக்கும்,
அதில் முதுகை ஒட்டிப் படுப்பான்.
சொக்கோரா என்பார்கள். குப்பையைக் கிளறுகிறவன்.
திட்டுகிற குரலில்கூட இல்லை,
விலாசம் சொல்வதுபோல.

அந்த ஊரில் வாடகை மோட்டார் சைக்கிளுக்குப் பெயர்
போடா போடா.
என் தமிழ்க் காதுக்கு
அவனைத் தனியாக யாரும் விரட்ட வேண்டியிருக்கவில்லை,
நாளெல்லாம் தெருவே கத்திக்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை
சமையல் எண்ணெய் கேன் ஒன்றை எங்கிருந்தோ எடுத்துவந்து
வரிசையில் வைத்தான்.
ஐந்து லிட்டர். கைப்பிடி உடைந்தது.
யாருக்குடா, என்றாள் நசாம்பு.
எனக்கு.
எங்கே கொண்டுபோவாய்?
அதை அவன் யோசித்திருக்கவில்லை.
வரிசை சிரித்தது. எல்லோரையும்விடப் பலமாக
போடா போடா ஓட்டும் பராசா.

மதியம் லாரி வந்தது.
யாரோ பெரிய மனிதர் வருகிறாராம்,
தெரு சுத்தமாக இருக்க வேண்டுமாம்.
ஒன்பது பையன்களை ஏற்றினார்கள்
(அதில் ஒருத்தி சிறுமி, யாரும் கவனிக்கவில்லை).
அவனையும்.

கேன் நின்றது.

குழாய் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் சொட்டியது.
வரிசை நகரும்போது
தன் கேனைத் தள்ளும் கால்
முன்னால் இருப்பதையும் தள்ளிவிடும், அது வழக்கம்.
யாரும் நினைத்துச் செய்யவில்லை.
மூன்றாம் நாள் டை கட்டிய ஒருவர்
அதை ஓரமாக உதைத்துத் தன்னுடையதை வைத்தார்.

ஆள் இருக்கு.

சொன்னது பராசா.
சொன்னபின் அவனே திரும்பிப் பார்த்தான்,
பின்னாலிருந்து வேறு யாரோ சொன்னதுபோல.
யார், எங்கே, என்றார் டை.
இருக்கு, என்றாள் வயிற்றைப் பிடித்து நின்ற கர்ப்பிணி.
இருக்கான், என்றது கடைசி வரிசை.

பஸ் சீட்டில் துண்டு போட்டவன்
இறங்கிப்போய் டீ குடித்துவிட்டு வரலாம்.
துண்டுக்காகப் பேச ஒரு வாய் இருக்கும்வரை
அவன் பஸ்ஸில்தான் இருக்கிறான்.

நான்காம் நாள் வந்தான், தலை மொட்டையாக.
எங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்றதற்கு
காலைத் தூக்கிக் காட்டினான்.
கடைக்குள்ளே நிரம்பிய கேன்,
வாய்மேல் கவிழ்த்த ஒரு தட்டு.
நசாம்பு நோட்டைப் புரட்டினாள்.
ஊரே அதில் கடனாகக் கிடந்தது:
பராசா பதினைந்து. பாதிரியார் நாற்பது.
மில்காரர், போன மாதத்திலிருந்து.
கீழே
லொமூரியா, பாக்கி இரண்டு ஷில்லிங்.
அவனுக்குப் படிக்கத் தெரியாது.
அவள் விரல் வைத்த இடத்தையே
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு சண்டை பிடித்தான்:
இருபது லிட்டரே ஐந்துதான்,
இந்தச் சின்னக் கேனுக்கு எப்படி இரண்டு?
சத்தம் தெருமுனை வரை கேட்டது.

சீக்கிரம் முடிங்கப்பா,
அலுத்துக்கொண்டது வரிசை,
நாங்களும் நிற்கிறோம் இல்லையா.