நேரா இருங்க

தலவாக்கலை டவுனில், பாண் கடைக்கு மேல்மாடி,
பாஹிம் ஸ்டூடியோ.
அடையாள அட்டைக்குப் படம்.
நீலத் திரை, சுற்றுகிற முக்காலி,
மழையில் பாதி நனைந்த பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை.

"நேரா இருங்க பிள்ளை."

இருந்தேன்.
கண்கள் கிளம்பிவிட்டன.
கொழுந்துச் சாக்கைக் கொளுவியதும்
தராசு முள் பதறுமே,
அப்படி.

முள் நிற்கும் முன்பே
எண்ணை எழுதிவிட்டு
அடுத்த ஆள் என்கிற கணக்கப்பிள்ளைகள்தான்
எனக்கு வாய்த்தவர்கள் எல்லாம்.
திருட்டு முழி என்றார் சில்லறைக் கடைக்காரர்.
சத்துணவு இல்லை என்றது ஒரு டீச்சர்.
முகத்தைப் பார்த்துப் பேசு என்று
முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம் சொன்னார்கள்.

உனக்கு எல்லாம் ஆடுமா?
இல்லை.
கிரேட் வெஸ்டர்ன் நின்ற இடத்தில்தான் நிற்கிறது.
சென்கிளயர் நேர் கீழேதான் விழுகிறது.
தூரத்து எழுத்து மட்டும்
ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.
டயகம பஸ்ஸைப் பலகை பார்த்து அல்ல,
நடத்துனரின் தொண்டை கேட்டு ஏறுகிறவள் நான்.

தாடையை இடது தோளுக்குக் கொஞ்சம் தள்ளி
வலது கடைக்கண்ணால் பார்த்தால்
முள் நிற்கும்.
நுவரெலியா கிளினிக்கில் அந்தக் கோணத்துக்கு
ஒரு பெயர் எழுதித் தந்தார்கள்.
வாசிக்க முடியாத கையெழுத்து.
நான் அதைத் தரிப்பிடம் என்கிறேன்.

முக்காலியிலும் அங்கேதான் போனேன், என்னை அறியாமல்.
பாஹிம் நானா வந்து
இரண்டு விரலால் தாடையைத் திருப்பினார்.
மறுபடி போனேன்.
மறுபடி திருப்பினார்.
மூன்றாம் முறை அவருக்கே சிரிப்பு.
"காது ரெண்டும் தெரியணும் பிள்ளை,
இல்லாட்டி கொழும்பில் திருப்பி அனுப்புவான்."

பளிச்.

இன்றும் பையில் இருக்கிறது.
என் கண்கள் அசையாமல் நிற்கும்
ஒரே இடம் அந்த அட்டை.
அந்த நொடியில் நான்
எதையும் சரியாகப் பார்க்கவில்லை.

போன மாதம் நானுஓயாவில்
பதுளை ரயில் ஏறினேன்.
எதிரே ஒரு குடும்பம்,
மடியில் மிக்சர் பொட்டலம்,
எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே.
தற்செயலாகத்தான் கவனித்தேன்:
அவர்கள் கண்கள்
ஒரு தேயிலைச் செடியைப் பிடித்து,
கொஞ்ச தூரம் போய், விட்டு,
வெடுக்கென்று திரும்பி
அடுத்த செடியைப் பிடித்து.
அப்பாவுக்கும். மகனுக்கும்.
கவ்வாத்து மலையில் இன்னும் வேகமாக.

யாருக்கும் தெரியவில்லை.
நான் சொல்லவும் இல்லை.
தாடையைத் தோளில் சாய்த்து,
தரிப்பிடத்தில் இறங்கி,
ஆற அமரப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"பிள்ளைக்குக் கழுத்து சுளுக்கா?" என்றார் அந்த அம்மா,
மிக்சரை நீட்டியபடி.
ஓம் என்று வாங்கிக்கொண்டேன்.

பட்டிப்பொல தாண்டிச் சுரங்கம்.
இருட்டு.
பிடிக்கச் செடி இல்லாமல்
அவர்கள் கண்கள் நின்றிருக்கும்.
என்னுடையவை?
தெரியாது.
பார்த்துச் சொல்ல வெளிச்சம் இல்லை.
வாயில் கடலை மட்டும்
உப்பாக இருந்தது.