இருநூற்றுப் பன்னிரண்டு

இருநூற்றுப் பன்னிரண்டு நாற்பத்தைந்துகள்.
எண்ணித்தான் போட்டேன்.
மேலே ஐந்து பவுண்டு எஃகு ஊசி,
அரிசிக் குருணையைவிட மெலிசு.
கழுத்து வரை தண்ணீர்,
பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு பிழி,
எலுமிச்சை உப்பு அரைக் கரண்டிக்கும் குறைவாக.
கூடிப்போனால் துத்தநாகம் விலகி
பித்தளை வெட்கப்பட்டதுபோல் சிவந்துவிடும்.

வெடித்த ப்ரைமரைத் தட்டி எடுத்த பிறகுதான்
கூடுகளைக் கழுவ வேண்டும். தெரியும்.
இந்த வாரம் அலுப்பு.
விடியுமுன் பள்ளிப் பேருந்தைச் சூடேற்ற வேண்டும்,
இந்தக் குளிரில் டீசல் கூழாகிவிடும்.
அப்படியே போட்டு மூடியைத் திருகினேன்.

நிலவறையில் உருளை சுற்றுகிறது.
சரக் சளக், சரக் சளக்.
மேல்மாடியில் குடியிருக்கும் ப்ரூவெட்
ஒருமுறை படிக்கட்டில் நிறுத்திக் கேட்டார்:
"கீழே கடலா வைத்திருக்கிறாய்?"
அனகொண்டாவுக்கு ஏது கடல்.
ஊர் முனையில் ஓய்ந்துபோன உருக்காலையின்
புகைபோக்கி உண்டு.
பனி இறங்கினால் அதுவும் இல்லை.

மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தால்
மை.
ஈயம் கரைந்த மை. தொட்டியில் கொட்டக் கூடாது,
பழைய பெயின்ட் வாளிக்குப் போகிறது.
இரண்டாம் தண்ணீர் சாம்பல்.
மூன்றாம் தண்ணீர் ஆறிய தேநீர்.
நான்காவதில் கையுறைக்குள் இருக்கும்
என் விரல்களின் எண்ணிக்கை தெரிகிறது.

காந்தத்தை விட்டால்
ஊசிகள் முள்ளம்பன்றியாய் அப்பிக்கொண்டு ஏறும்.
பித்தளை அசையாது.
யார் இழுத்தாலும் வராத பிறவி.
எங்கள் வீட்டு ஆட்கள் மாதிரி.

துண்டில் பரப்பி மறுபடி எண்ணினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு. கணக்கு சரி.
ஒன்று மட்டும் கனத்தது.
கவிழ்த்துத் தட்டினேன், ஊசி கொட்டவில்லை,
கறுப்பாய் ஒரே ஒரு சொட்டு
மணிக்கட்டு வரை ஓடியது.
விளக்கடியில் பிடித்துப் பார்த்தால்
நாற்பத்தைந்தின் வயிற்றுக்குள்
ஒன்பது மில்லி ஒன்று,
தலைகீழாக இறங்கி,
சுற்றிலும் ஊசிகள் ஆப்பு இறுக்கி.

நான் ஒன்பது சுடுவதில்லை.

இடுக்கிக்கு நேரமானது,
அவிழ்க்க மனமில்லாத முடிச்சுபோல வந்தது.
வாய் மினுங்கியது. அடியில் கரி அப்படியே.
கரிக்கு நடுவில் சிவப்பாய் ஒரு கோடு.
நகப்பூச்சு.
தன் கூடு தனக்குத் தெரிய
எமெரிக் இடும் கோடு,
டெல்ஃபைனின் புட்டியைக் கேட்காமல் எடுத்து.

ஒரு வயிற்றில் கிடந்தவர்கள்தான் நாங்கள்.
அம்மாவின் வீட்டை விற்கக் கையெழுத்திடும் நாளில்
கழுவின மீனில் நழுவின மீனாய்ப் போனான்.
வக்கீல் அறையில் இரண்டு மணி நேரம்
அவன் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நாலு வருடம்.
அவனும் மூன்றாம் மேடையில்தான் நின்று சுடுகிறான்
என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.
அதே சரளையில் அவனுடையதும் உருள்கிறது,
நான் குனிந்து வாரிக்கொண்டு வருகிறேன்.

கழுவினால் கோடு போய்விடும்.
கழுவவில்லை.

சனிக்கிழமை அதை மூன்றாம் மேடையின் ஓரத்தில்
வாய் மேலாக நிறுத்தி வைத்தேன்.
அடுத்த சனிக்கிழமையும் நின்றது,
விளிம்பு வரை பனிக்கட்டி நிறைந்து.
அதற்கடுத்த வாரம் இல்லை.
கூட்டுகிற பையன் தள்ளியிருக்கலாம்.
காற்றாகக்கூட இருக்கலாம், இங்கே அடிக்கிற காற்று.

ஐம்பது சுட்டேன். எதுவும் நடுவில் விழவில்லை.
குளிரில் முழங்கால் விறைக்க
என் கூடுகளைப் பொறுக்கினேன்.
பையில் போடுமுன்
ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும்
ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.